ரப்பர் விதை எண்ணெய்: கறுப்புக் காம்பவுண்டில் எவ்வளவு போடலாம், எங்கே போடக் கூடாது

களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம். அந்தப் பக்கம் பாறசாலை, நெடுமங்காடு. நடுவே தமிழ்நாடு, கேரள எல்லை ஓடினாலும் இரண்டு பக்கமும் ஒரே ரப்பர் மரம்தான். ஆடியில் தொடங்கிப் புரட்டாசி வரை காய் வெடித்து விதை தோட்டம் முழுக்கச் சிதறும். அந்தப் பருப்பை உலர்த்தி எக்ஸ்பெல்லரில் ஆட்டி எடுக்கும் எண்ணெய் சோப்புக்கும் பெயின்டுக்கும் போவதுபோல ரப்பர் மிக்ஸிங் மில்லுக்கும் போகிறது. தரை விரிப்பு, புஷ், செருப்பின் அடிப்பாகம், டயரின் டிரெட் ரப்பர் என்று சின்ன அளவில் செய்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: காம்பவுண்டை, அதாவது மருந்துகள் சேர்த்த ரப்பர்க் கலவையை, இளக்கப் போடும் பெட்ரோலிய பிராசஸ் ஆயிலை நிறுத்திவிட்டு இதை ஊற்றலாமா?

ஊற்றலாம். நல்ல பொருள். ஆனால் 8 பங்கு பிராசஸ் ஆயிலை எடுத்துவிட்டு 8 பங்கு விதை எண்ணெயை ஊற்றினால், மில்லில் எல்லாம் சுகமாக ஓடி, சூட்டில் அழுத்தி வேக வைக்கும் பிரஸ்ஸிலிருந்து வெளியே வரும்போது சரக்கு மெத்தென்று இருக்கும். காரணம், இது வெறும் ஆயில் அல்ல. மூன்று வேலை செய்கிறது: ரப்பரை இளக்குகிறது, ஸ்டியரிக் ஆசிட்டின் வேலையில் ஒரு பகுதியைச் செய்கிறது, ரப்பரை வேக வைத்து இறுக்கப் போடும் கந்தகத்தில் ஒரு பகுதியைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. முதல் இரண்டும் லாபம். மூன்றாவதைக் கணக்கில் வைத்துக்கொண்டால் மட்டுமே அந்த லாபம் கையில் நிற்கும்.

இங்கே 'பங்கு' என்று வரும் இடமெல்லாம் 100 பங்கு ரப்பருக்கு எத்தனை பங்கு என்று எடுத்துக்கொள்ளவும். ரப்பர் என்பது கலவையில் உள்ள எல்லா ரப்பரும் சேர்ந்தது; இயற்கை ரப்பர் 70, பாலிபியூட்டடயீன் (ஒரு செயற்கை ரப்பர்) 30 என்றால் இரண்டும் சேர்ந்து 100.

ஆட்டி வரும் கச்சா எண்ணெய் கருஞ்சிவப்பாக, லேசான காரல் வாடையோடு இருக்கும். கறுப்புக் காம்பவுண்டுக்கு நிறம் ஒரு பொருட்டல்ல. அயோடின் எண் 130 முதல் 145 வரை நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க: தேங்காய் எண்ணெய் 6 முதல் 11, பாமாயில் 50 முதல் 55, ஆமணக்கு 82 முதல் 90, ஆளி விதை எண்ணெய் 170க்கு மேல். அயோடின் எண் என்பது எண்ணெயில் எத்தனை இரட்டைப் பிணைப்பு இருக்கிறது என்பதன் அளவு. இரட்டைப் பிணைப்பு நிறைந்த லினோலிக், லினோலெனிக் அமிலங்கள் இரண்டும் சேர்ந்து விதை எண்ணெயில் பாதிக்கு மேல். காற்றில் விட்டால் மெல்லப் படலம் கட்டும் ரகம். இதன் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அந்த இரட்டைப் பிணைப்புகளிலிருந்தே வருகின்றன.

மீதி, தனி அமிலத்திலிருந்து வருகிறது. உதிர்ந்த விதை மழையில் கிடந்தால் பருப்புக்குள் இருக்கும் நொதியும் பூஞ்சையும் எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கும். உடனே பொறுக்கி உலர்த்திய விதையில் தனி அமிலம் சில சதவீதம். ஈரத்தில் வாரக்கணக்கில் கிடந்த விதையில் 20 சதவீதத்தைத் தாண்டும். சோப்புக்காரருக்கு இது தலைவலி. ரப்பர்காரருக்கு அளவு தெரிந்தால் உதவி, தெரியாவிட்டால் ஒவ்வொரு டிரம்மிலும் ஒவ்வொரு விதமான வேகல்.

தனி அமிலம் எப்படி உதவுகிறது? ஜிங்க் ஆக்ஸைடும் கொழுப்பு அமிலமும் சேர்ந்து ஜிங்க் சோப்பாகி, வேகலை விரைவாக்கும் ஆக்ஸிலரேட்டரைத் தூண்டுகிற வேலையை வழக்கமாக ஸ்டியரிக் ஆசிட் செய்கிறது. தனி அமிலம் 15 சதவீதம் உள்ள எண்ணெயை 5 பங்கு போட்டால் 0.75 பங்கு அமிலம் உள்ளே போகிறது. ஆகவே ஸ்டியரிக் 2 பங்கு போடும் இடத்தில் 1 அல்லது 1.25 பங்கு போதும். ஸ்டியரிக்கை முழுவதும் எடுத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. 15 சதவீத அமில எண்ணெயில் 2 பங்கு அமிலம் கிடைக்க 13 பங்குக்கு மேல் எண்ணெய் ஊற்ற வேண்டும். அது எந்தக் காம்பவுண்டுக்கும் ஆகாது. ஜிங்க் ஆக்ஸைடு 5 பங்கிலேயே இருக்கட்டும். 2 பங்கு கொழுப்பு அமிலத்தைச் சோப்பாக்க 0.3 பங்கு ஜிங்க் ஆக்ஸைடுதான் செலவாகும், தட்டுப்பாடு வராது.

ஃபில்லர் (ரப்பரில் நிரப்பும் பொடி) பக்கம் இதன் பலன் கண்ணுக்குத் தெரியும். கொழுப்பு அமிலமும் அதிலிருந்து பிறக்கும் சோப்பும் கார்பன் கறுப்புத் துகளின் மேல் படிந்து, துகளும் துகளும் ஒட்டி வலை கட்டுவதைத் தளர்த்தும். கறுப்பு சீக்கிரம் உள்ளே போகும், மூனி (வேகாத கலவையின் பாகுத்தன்மை எண்) குறையும், எக்ஸ்ட்ரூடரில் விளிம்பு கிழியாமல் வரும், டையின் மூலைவரை சரக்கு ஓடும். வெந்த சரக்கை வெட்டிப் பார்த்தால் வெட்டுமுகம் பளபளவென்று ஒரே சீராக இருக்கும். சிதறல் நன்றாக இருந்தால் தேய்மானம் குறையும், வளைந்து வளைந்து விரிசல் விடுவது தள்ளிப்போகும். இயற்கை ரப்பர், எஸ்பிஆர் (ஸ்டைரீன் பியூட்டடயீன் ரப்பர்) இரண்டிலும் வழக்கமான பிளாஸ்டிசைசரை, அதாவது இளக்கியை, எடுத்துவிட்டு இந்த எண்ணெயைப் போட்டுப் பார்த்த வெளியான ஆய்வுகளும் தேய்மானம், வளைவு, முதுமை (நாள்பட்டுக் கெடுவது) மூன்றிலும் நல்ல பலனையே சொல்கின்றன. எளிதில் ஆவியாகாது என்பதால், சூட்டில் ஓடும் பொருளில் லேசான பிராசஸ் ஆயில் மெல்ல வெளியேறிச் சரக்கு இறுகுவதுபோல இதில் நடக்காது.

இனி கந்தகம்.

பென்சில் ரப்பரிலும் மெத்தென்ற உருளைகளிலும் போடும் பழுப்பு ஃபாக்டிஸ் எப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தாவர எண்ணெயில் 100 கிலோவுக்கு 20 கிலோ அளவில் கந்தகம் போட்டு 150 டிகிரியை ஒட்டிச் சூடாக்கிக் கிளறினால் எண்ணெய் முழுவதும் கட்டியாகிவிடும். ரப்பர் வேகும் அதே வெப்பம், அதே கந்தகம். அப்படியென்றால் காம்பவுண்டில் உள்ள 5 பங்கு விதை எண்ணெய்க்கு 1 பங்கு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ள இடம் இருக்கிறது. மொத்தம் போட்டதே 2.2 பங்கு. ஆக்ஸிலரேட்டர் பக்கத்தில் இருக்கும்போது ரப்பர்தான் முந்தும். பத்து, பதினைந்து நிமிட வேகலில் அந்த ஒரு பங்கும் எண்ணெய்க்குப் போய்விடாது. ஆனாலும் கொஞ்சம் போகும். குறுக்குப் பிணைப்பு அந்த அளவுக்குக் குறையும்.

இதைச் சரியாக அளக்க ஒரு வழி. ஒரே காம்பவுண்டை மூன்று சின்னப் பாட்சாகப் போடுங்கள்: எண்ணெயே இல்லாமல் ஒன்று, நாப்தெனிக் ஆயில் (ஒரு வகைப் பெட்ரோலிய பிராசஸ் ஆயில்) 5 பங்கோடு ஒன்று, விதை எண்ணெய் 5 பங்கோடு ஒன்று. ஸ்டியரிக், கந்தகம், ஆக்ஸிலரேட்டர் மூன்றிலும் ஒரே அளவு. வேகும்போது ரப்பரின் முறுக்கை அளக்கும் ரியோமீட்டரில் 150 டிகிரியில் 30 நிமிடம் ஓட்டி, உச்ச முறுக்கிலிருந்து அடி முறுக்கைக் கழியுங்கள். முதல் பாட்சுக்கும் இரண்டாவதற்கும் உள்ள வித்தியாசம், எந்த ஆயில் ஊற்றினாலும் வரும் இளக்கம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வித்தியாசம், விதை எண்ணெய் பிடித்துக்கொண்ட கந்தகத்தின் கணக்கு. அந்த இரண்டாவது வித்தியாசத்தை மட்டும் ஈடுகட்டினால் போதும். முதல் பாட்சோடு மூன்றாவதை ஒப்பிட்டுக் கந்தகத்தை ஏற்றுகிறவர்கள் தேவைக்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் சரக்கின் மேல் மஞ்சள் சாம்பலாகக் கந்தகம் பூத்து நிற்கும்.

ஈடுகட்ட முதலில் ஆக்ஸிலரேட்டரை ஏற்றுங்கள், சிபிஎஸ்ஸில் 0.1 பங்கு. அதற்கும் முறுக்கு வராவிட்டால் கந்தகத்தில் 0.1. இயற்கை ரப்பர் அதிகம் உள்ள கலவையில் கந்தகத்தை மட்டும் ஏற்றினால், தடித்த சரக்கு நீண்ட நேரம் வேகும்போது உள்ளுக்குள் பின்வாங்கி இளகும். ரியோமீட்டர் கையில் இல்லாதவர்கள் கடினத்தையும், அழுத்தி வைத்து விட்ட பின் எவ்வளவு திரும்பி எழுகிறது என்பதையும் பார்த்தாலே பிடிபடும். கந்தகம் குறைந்த சரக்கில் இழுவிசை பெரிதாக விழாது, நீட்சி கூடிக்கூட இருக்கும். ஆகவே இழுத்துப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. புஷ் போட்ட இடத்தில் ஒரு மாதத்தில் தட்டையாகிவிடும்.

ஒரு கறுப்புக் கலவைக்கு அளவு சொல்கிறேன்; டிரெட் ரகத்தில் தொடங்க இது போதும், மீதி உங்கள் ரியோமீட்டர் சொல்லட்டும். ஐஎஸ்என்ஆர் 20 (தரம் குறித்த இயற்கை ரப்பர்) 7 கிலோ, பாலிபியூட்டடயீன் 3 கிலோ, ஜிங்க் ஆக்ஸைடு 500 கிராம், ஸ்டியரிக் 100 கிராம், என் 330 கார்பன் கறுப்பு 5 கிலோ, விதை எண்ணெய் 500 கிராம், முதுமையைத் தடுக்கும் டிஎம்கியூ 100 கிராம், 6பிபிடி 100 கிராம், மெழுகு 100 கிராம், சிபிஎஸ் 110 கிராம், கந்தகம் 230 கிராம். மொத்தம் 16 கிலோ 740 கிராம். 14க்கு 36 அங்குல மில்லில் ஒரே பாட்சாக ஓடும். 8 பங்கு பிராசஸ் ஆயில் இருந்த இடத்தில் 5 பங்கு விதை எண்ணெய் என்பதைக் கவனிக்கவும். மூனியை இறக்குவதில் அந்த 5 பங்கே போதுமானதாக இருக்கும். போதவில்லை என்றால் மீதி 2, 3 பங்கை நாப்தெனிக் ஆயிலாகவே கொடுங்கள். விதை எண்ணெயை ஏற்ற வேண்டாம்.

சேர்க்கும் வரிசைதான் இதில் பாதி வெற்றி. இயற்கை ரப்பரைத் தனியாக ஐந்தாறு நிமிடம் மிதித்து உருளையில் சீராகப் பட்டை சுற்றவிடுங்கள். பாலிபியூட்டடயீன் தனியாக உருளையைப் பிடிக்காது, பொடிப் பொடியாக உதிரும். இயற்கை ரப்பர் பட்டையாக ஓடும்போது துண்டு துண்டாகக் கொடுத்தால் சேர்ந்துகொள்ளும். உருளையை 60 டிகிரிக்கு மேல் விடாதீர்கள், தண்ணீர் திறந்தே இருக்கட்டும். பிறகு ஜிங்க் ஆக்ஸைடு, ஸ்டியரிக், டிஎம்கியூ, 6பிபிடி, மெழுகு. அதன் பின் கறுப்பில் மூன்றரை கிலோவை எண்ணெய் இல்லாமல் வெறும் கறுப்பாகக் கொடுக்க வேண்டும். இந்த நேரத்தில் ரப்பர் விறைப்பாக இருந்தால்தான் கறுப்பு உருண்டைகள் அரைபட்டு உடையும். எண்ணெயை முதலில் ஊற்றினால் ரப்பர் வழுக்கும், உருண்டைகள் உடையாமல் அப்படியே உள்ளே புதையும், வெந்த சரக்கில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும், இழுக்கும்போது அங்கேதான் கிழியும்.

மீதி ஒன்றரை கிலோ கறுப்பை ஒரு தட்டில் போட்டு 500 கிராம் எண்ணெயை அதில் ஊற்றி ஈரப் பொடியாகப் பிசறி வைத்துக்கொள்ளுங்கள். என் 330 கறுப்பு 100 கிராமுக்கு ஏறக்குறைய 100 மில்லி எண்ணெய் குடிக்கும். ஒன்றரைக் கிலோவுக்கு அரைக் கிலோ எண்ணெய் சொட்டாமல் அடங்கிவிடும். இப்படிப் பிசறிக் கொடுத்தால் கறுப்பு பறக்காது, உருளை வழுக்காது, நிப்புக்கு (இரண்டு உருளைக்கும் இடையிலான இடுக்குக்கு) மேலே டின்னைச் சாய்த்துப் பிடித்து ஊற்றுகிற ஆபத்தும் இல்லை. எல்லாம் உள்ளே போன பிறகு இரண்டு பக்கமும் முக்கால் வெட்டு மூன்று மூன்று முறை, நிப்பை இறுக்கி ஆறு முறை சுருட்டிக் கொடுத்து, ஷீட்டாக எடுத்து ஆறவிடுங்கள். எட்டு மணி நேரமாவது கிடக்கட்டும். மறுநாள் குளிர்ந்த உருளையில் சிபிஎஸ், கடைசியில் கந்தகம்.

கந்தகம் பறக்காமலிருக்க அதை எண்ணெயில் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் சில மில்களில் உண்டு. பிராசஸ் ஆயிலில் அது ஓரளவு நடக்கும். விதை எண்ணெயில் குழைக்கவே கூடாது. குழைத்த கந்தகத்தைச் சுற்றி எண்ணெய் படிந்திருக்கும். பிரஸ்ஸுக்குள் போனதும் ரப்பருக்கு முன்னால் அந்த எண்ணெயோடு சேரும். சரக்கில் மெத்தென்ற திட்டுகள் விழும்.

கலவை மாறினால் கணக்கும் மாறும். இயற்கை ரப்பரோடு எஸ்பிஆர் சேர்க்கும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: எஸ்பிஆர் 1502 போன்ற எமல்ஷன் ரகங்களில் தயாரிப்பிலிருந்தே 5 முதல் 7 சதவீதம் வரை கொழுப்பு அமிலம், ரோசின் அமிலம் மிஞ்சியிருக்கும். 40 பங்கு எஸ்பிஆர் போட்டால் 2 பங்கு அமிலம் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. அதோடு ஸ்டியரிக் 2, அமிலம் ஏறிய விதை எண்ணெய் 5 என்று சேர்த்தால் அமிலம் தேவைக்கு மேலே போய் வேகல் தொடங்குவது தள்ளிப்போகும், மேல்பரப்பில் வெள்ளையாகப் பூக்கும். எஸ்பிஆர் பாதிக்குப் பாதி உள்ள காம்பவுண்டில் ஸ்டியரிக்கை 0.5 பங்குக்கு இறக்கலாம். பாலிபியூட்டடயீனில் இப்படி மிஞ்சிய அமிலம் இல்லை. அங்கே 1 பங்கு ஸ்டியரிக் கட்டாயம் இருக்கட்டும்.

ரப்பர்க் கலவையில் கறுப்பு எல்லா ரப்பருக்கும் சமமாகப் போவதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். பாலிபியூட்டடயீனும் எஸ்பிஆரும் இயற்கை ரப்பரைவிடக் கறுப்பை அதிகம் இழுக்கும். எண்ணெய் ஏறிய ரப்பர் இளகி, கறுப்பு இன்னும் விறைப்பான பக்கத்திலேயே தேங்க வாய்ப்பு உண்டு. தேய்மானத்துக்கு நல்லது என்று விடலாம், ஆனால் கிழிவு முக்கியமான சரக்கில் இயற்கை ரப்பரையும் கறுப்பில் ஒரு பகுதியையும் முதலில் தனியாகக் கலந்து வைத்துக்கொண்டு, பிறகு மற்ற ரப்பரோடு சேர்ப்பதுதான் நல்ல முறை.

வெள்ளை ஃபில்லர்களில் பலன் கலவையாக இருக்கிறது. சைனா கிளே, சிலிக்கா இரண்டின் மேல்பரப்பும் ஆக்ஸிலரேட்டரை உறிஞ்சிக்கொள்ளும். விதை எண்ணெயின் அமிலம் அந்த மேல்பரப்பில் கொஞ்சம் உட்கார்ந்து உறிஞ்சலைக் குறைக்கும். ஆனால் அதை நம்பி, உறிஞ்சலைத் தடுக்கப் போடும் டைஎத்திலீன் கிளைக்காலை நிறுத்த முடியாது. சிலிக்கா 30 பங்குக்கு 1 முதல் 1.5 பங்கு கிளைக்கால் வேண்டும். சிலிக்காவை ரப்பரோடு பிணைக்கும் சைலேன் போடும் காம்பவுண்டில் சைலேனை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சாக்குக்கட்டிப் பொடி (கால்சியம் கார்பனேட்) அதிகம் உள்ள மலிவுச் செருப்புக் காம்பவுண்டில் எண்ணெய் நன்றாகவே இளக்குகிறது. நிறச் சரக்குக்கு மட்டும் இதன் கருஞ்சிவப்பு ஒத்துவராது. வெளுத்த எண்ணெய் கிடைத்தால்கூட வெயிலில் மஞ்சள் ஏறும்.

எங்கே போடவே கூடாது என்பதையும் நேராகச் சொல்லிவிடலாம். பெராக்ஸைடில் வேக வைக்கும் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர்க் காம்பவுண்டில் வேண்டாம். இரட்டைப் பிணைப்புகள் பெராக்ஸைடைத் தின்றுவிடும், சரக்கு வேகாது. கந்தகம் 0.5 பங்கு மட்டும் போட்டு ஆக்ஸிலரேட்டரை ஏற்றி வைக்கும் ஈவி முறையிலும் வேண்டாம். இருக்கிற கொஞ்சக் கந்தகத்தில் எண்ணெய் பங்கு கேட்டால் மீதம் என்ன? இரும்போடு ஒட்டவைக்கும் புஷ், எஞ்சின் மவுன்ட் ஆகியவற்றிலும் தவிர்ப்பது நல்லது. எண்ணெயும் சோப்பும் ஒட்டும் முகத்துக்கு நகர்ந்து வந்தால் பிடிப்பு போகும். மாதிரியை இழுக்கும்போது ரப்பர் கிழியாமல் இரும்பிலிருந்து உரிந்து வந்தால் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். டிரெட்டை டயரோடு ஒட்டும் குஷன் ரப்பரில் 2 பங்குக்கு மேல் போட்டால் ஒட்டுத்தன்மை குறையும்.

8 பங்குக்கு மேல் ஏற்றினால் எண்ணெய் மேலே கசிந்து வியர்க்கலாம். வெந்த ஷீட்டில் ஒரு பட்டையை வெட்டி மடித்துக் கட்டி ஒரு வாரம் வைத்து, மடிப்பின் வெளிப்பக்கத்தை வெள்ளைத்தாளில் துடைத்துப் பாருங்கள். தாளில் எண்ணெய்க் கறை விழுந்தால் அளவைக் குறைக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்கிறது. தாவர எண்ணெய் மேலே வியர்த்த தரை விரிப்பைக் கோணியில் கட்டிக் கிடங்கில் அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும். மினரல் ஆயிலில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. வாடையும் ஒரு குறைதான். வீட்டுக்குள் விரிக்கும் மேட், உணவுப் பாத்திர மூடி, பாட்டில் அடைப்பு ஆகியவற்றுக்கு இந்த எண்ணெய் போட்ட காம்பவுண்டைக் கொடுக்காதீர்கள்.

முதுமை பற்றி இரண்டு விதமாகப் பேசப்படுகிறது. கச்சா எண்ணெயில் இருக்கும் இயற்கையான டோகோஃபெரால் கொஞ்சம் காக்கும் என்பது உண்மை. லினோலெனிக் அமிலம் காற்றில் பெராக்ஸைடு ஆகி ரப்பரைத் தாக்கும் என்பதும் உண்மை. எது ஜெயிக்கும் என்பது எண்ணெய் எவ்வளவு புதியது, காம்பவுண்டில் ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு என்பதைப் பொறுத்தது. டிஎம்கியூவையும் 6பிபிடியையும் மிச்சப்படுத்த நினைப்பவர்கள் இந்த எண்ணெய் பக்கமே வர வேண்டாம். ஐஎஸ் 3400 வரிசையில் உள்ள முதுமைச் சோதனையை ஒவ்வொரு புதிய டிரம்முக்கும் ஒருமுறை ஓட்டுவது வீண் செலவாகாது.

டிரம்மைத் திறந்ததும் செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதலில் அமில எண். 2 கிராம் எண்ணெயை நடுநிலையாக்கிய ஆல்கஹாலில் கரைத்து, ஃபீனால்ஃப்தலீன் போட்டு, 0.1 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். 56.1ஐச் செலவான மில்லியால் பெருக்கி, 0.1ஆல் பெருக்கி, 2ஆல் வகுத்தால் அமில எண். 10.7 மில்லி செலவானால் 30. அதில் பாதி, ஏறத்தாழ 15 சதவீதம், தனி அமிலம். எண்ணெய் கறுத்திருந்து நிறமாற்றம் தெரியவில்லை என்றால் 1 கிராம் எடுத்து ஆல்கஹாலை இரட்டிப்பாக்குங்கள். டிரம்முக்கு டிரம் இந்த எண் 10க்கு மேல் மாறினால் ஸ்டியரிக்கை மாற்றி எழுத வேண்டும். இந்தக் கணக்கு இல்லாமல் ஒரே ஃபார்முலாவை வருடம் முழுக்க ஓட்டுவதால்தான் பலர் எண்ணெய் சரியில்லை என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

அடுத்தது ஈரம். இரும்புக் கரண்டியில் கொஞ்சம் எடுத்து 110 டிகிரிக்குச் சூடாக்கினால் படபடவென்று வெடிக்கக் கூடாது. ஈரம் இருந்தால் பிரஸ்ஸைத் திறக்கும்போது சரக்கு உப்பும், வெட்டினால் உள்ளே ஊசித்துளைகள். அடியில் பசை மாதிரி மண்டி தேங்கியிருந்தால் டிரம்மை உருட்டிக் கலக்காதீர்கள். ஒரு வாரம் அசையாமல் வைத்து மேலாக இறக்கிக்கொண்டு, அடிமண்டியைச் சோப்புக்காரருக்கு விட்டுவிடலாம். பித்தளைக் குழாய், செம்புப் பாத்திரம் எதுவும் இந்த எண்ணெயைத் தொடக் கூடாது. அமிலம் செம்பைக் கரைக்கும், செம்பு ரப்பருக்கு நஞ்சு. ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு போட்டாலும் சரக்கு பிசுபிசுத்துப் போகும். மில்லைத் துடைத்த, எண்ணெய் ஊறிய பஞ்சுக்கழிவையும் துணியையும் மூலையில் குவித்து வைக்காதீர்கள். படலம் கட்டும் எண்ணெய் காற்றோடு சேரும்போது சூடு பிறக்கும். குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். மூடியுள்ள இரும்பு டின்னில் தண்ணீர் விட்டு அதற்குள் போடுங்கள்.

மற்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால்? இன்னொரு பெட்ரோலிய வகையான அரோமாட்டிக் ஆயிலைப் போலக் கறுப்பையும் எஸ்பிஆரையும் இணைப்பது வேறு எதுவும் இல்லை, விலையும் தோது. ஆனால் அதில் உள்ள பலவளைய அரோமாட்டிக் சேர்மங்களுக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜனவரி 1 முதல் டயரில் போடும் ஆயிலுக்குக் கட்டுப்பாடு வைத்துவிட்டது: ஆயிலில் பென்சோ(ஏ)பைரீன் கிலோவுக்கு 1 மில்லிகிராம், பட்டியலில் உள்ள எட்டும் சேர்ந்து 10 மில்லிகிராம், அதற்கு மேல் கூடாது. ஏற்றுமதிச் சரக்கு செய்பவர்களுக்கு விதை எண்ணெய் பக்கம் வர இதுவே போதுமான காரணம். நாப்தெனிக் ஆயில் சாதுவானது: இளக்கும், வேறெதுவும் செய்யாது, ஒரு டிரம்முக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் இருக்காது. சோதனைக்கூடம் இல்லாத மில்லுக்கு அதுதான் பாதுகாப்பு.

எபாக்ஸி ஏற்றிய சோயா எண்ணெய் பிவிசிக்காரர்களிடம் சாதாரணமாகக் கிடைக்கும். அதில் இரட்டைப் பிணைப்புகள் எல்லாம் ஆக்சிரேன் வளையமாக மாறிவிட்டதால் கந்தகத்தை எடுத்துக்கொள்ளும் தொல்லை பெரும்பாலும் இல்லை. சிலிக்காவின் மேல்பரப்போடு நன்றாக ஒட்டும். நியோப்ரீன் போன்ற குளோரின் ரப்பரில் வெளியாகும் அமிலத்தை விழுங்கும். சிலிக்காக் காம்பவுண்டுக்கு விதை எண்ணெயைவிட நான் இதையே தேர்ந்தெடுப்பேன். விலைதான் கூட. ஸ்டியரிக்கின் வேலையையும் செய்யாது.

அண்டி ஆபீஸ் எனும் முந்திரி ஆலைகளில் முந்திரித் தோட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயும் இதே எல்லைப்புறத்துச் சரக்குதான். கொல்லம் வரை தாராளம். அதைக் கச்சாவாக ரப்பரில் ஊற்றாதீர்கள். தோலில் பட்டால் கொப்புளிக்கும். அதிலிருந்து வாலையில் வடித்த கார்டனால் என்றால் 3 பங்கு வரை போடலாம்; ஃபீனால் வகை என்பதால் முதுமையைக் கொஞ்சம் தள்ளிப்போடும். இதன் பக்கச் சங்கிலியிலும் இரட்டைப் பிணைப்பு உண்டு, ஆகவே கந்தகக் கணக்கு இங்கேயும் பார்க்க வேண்டும். ஹெக்சாமின் சேர்ந்த காம்பவுண்டில் மட்டும் கவனம்: இரண்டும் சேர்ந்து ரெசினாகி, இளக வேண்டிய சரக்கு விறைத்துவிடும். கடினமான செருப்பு அடிப்பாகம் செய்பவர்களுக்கு அதுவே பயன்.

வாங்கும் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். விதை விழுவது ஆடி முதல் புரட்டாசி வரை. அந்தப் பருவத்து விதையை உலர்த்தி உடனே ஆட்டிய எண்ணெய் ஐப்பசி, கார்த்திகையில் கிடைப்பது நல்லது; பங்குனி, சித்திரையில் வருவது கிடங்கில் கிடந்த விதையாக இருக்க வாய்ப்பு அதிகம், அமில எண்ணைப் பார்க்காமல் இறக்கக் கூடாது. மூன்று மாதத் தேவைக்கு மேல் வாங்கி வைக்க வேண்டாம். டிரம்மைப் பாதி காலியாக வெயிலில் நிறுத்தினால் மேலே ஆடை கட்டும். அந்த ஆடை காம்பவுண்டுக்குள் போனால் கரையாது, ஷீட்டில் ஜெல்லித் துணுக்காக நிற்கும். பாதி தீர்ந்ததும் சின்னக் கேன்களில் விளிம்புவரை நிரப்பி மூடி, நிழலில் வையுங்கள். ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் கால் லிட்டரைப் பாட்டிலில் எடுத்து, அமில எண்ணையும் தேதியையும் ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டால், ஆறு மாதம் கழித்து ஒரு பாட்ச் மெத்தென்று திரும்பி வரும்போது தவறு எண்ணெயிலா மில்லிலா என்று சண்டை போட வேண்டியிருக்காது.